பதுளைக்கு ரயில் வந்த வருடம் வந்த பேப்பர்: நடேசய்யரும் 'தேசபக்தனும்'

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள், முடிந்தால் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். கடைசியில் உங்கள் எல்லோரிடமும் ஒரு உதவியும் கேட்டிருக்கிறேன்.

2023இல் 'மலையகம் 200' நிகழ்வுகள் நடந்த காலத்திலிருந்து பிள்ளைகள் செயற்திட்டம் செய்ய என்று வந்து கேட்கும் பெயர்களில் ஒன்று கோ. நடேசய்யர். பாடப்புத்தகத்தில் ஒரு வரி, இரண்டு வரி. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. "ஐயர் நடத்திய பேப்பர் என்றால் அது கோயில் பேப்பரா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நம்மவர்கள் சிலர் வேறு மாதிரிக் கேட்கிறார்கள்: "அது அவங்கட வரலாறுதானே, நீங்க ஏன் மினக்கெடுறீங்க?" இரண்டு கேள்விக்கும் சேர்த்து எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1924. பதுளைக்கு ரயில் வந்த வருடம் அது. பண்டாரவளை வரை 1894இலேயே வந்துவிட்ட பாதை, தெமோதரை மலையைச் சுற்றி வந்து இங்கே சேர மேலும் முப்பது வருடம் பிடித்தது. இன்று எல்லோரும் நின்று செல்ஃபி எடுக்கும் ஒன்பது வளைவுப் பாலம் அந்த வேலையின் ஒரு துண்டுதான். அதே 1924இல், செப்டம்பர் மாதம், கொழும்பில் 'தேசபக்தன்' என்ற தமிழ்ப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. ஆரம்பத்தில் வாரம் மூன்று நாள், பிறகு நாளேடு. கொழும்பில் அச்சான ஒரு தாள் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் தண்டவாளத்தில் ஏறி நம்முடைய ஊர் வரைக்கும் வரக்கூடிய வழி அந்த வருடம்தான் திறந்தது.

அந்தக் காலத்துத் தோட்டங்களின் நிலையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பேப்பரின் அருமை விளங்காது. 1921 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு மேலே கங்காணி, கங்காணிக்கு மேலே பெரிய கங்காணி, அவருக்கும் மேலே கணக்கப்பிள்ளை, கிளாக்கர், துரை. ஊரிலிருந்து ஆள் கூட்டி வரும்போதே கடன் தொடங்கிவிடும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் 'துண்டு' வேண்டும். எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் போகலாம். மனிதனை விலை பேசுகிற சீட்டு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். கடன் ஒழியவில்லை. பிரட்டுக்கு வந்த ஆள் கணக்குக்குக் கங்காணிக்குக் கிடைத்த பென்ஸ் காசும் ஒழியவில்லை. லயத்து மக்கள் திருவிழாவுக்குப் போகும் மாரியம்மன் கோயிலில் முன்னுக்கு நிற்பவரும் அதே பெரிய கங்காணிதான். ஆகவே கங்காணியைப் பற்றி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் சம்பளம், கடன், கோயில், ஊர்ப் பேச்சு எல்லாவற்றிலும் அது தட்டும்.

இதற்குள் வந்தவர்தான் நடேசய்யர். தஞ்சாவூர்ப் பிராமணர். அங்கே 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். பெயரைப் பார்த்தாலே தெரியும், வியாபாரிகளுக்கான பத்திரிகை. 1919 வாக்கில் கொழும்புக்கு வந்ததும் இந்திய வியாபாரிகளின் சங்க வேலையாகத்தான். தொழிலாளிக்குப் போராட வேண்டும் என்று கப்பல் ஏறியவர் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வந்த இடத்தில் கண்ணால் கண்டது அவரை மாற்றியது.

ஆனால் காண்பது அவ்வளவு லேசாக இல்லை. தோட்டம் தனியார் காணி. அத்துமீறல் சட்டம் துரையின் கையில். வெளி ஆள் உள்ளே கால் வைத்தால் பொலிஸ். உள்ளே போய்வரக்கூடிய வெளி ஆட்கள் யார்? துணி வியாபாரிகள். நடேசய்யரும் புடவை வியாபாரி மாதிரி மூட்டையோடுதான் தோட்டங்களுக்குள் போய் லயங்களைப் பார்த்தார் என்பது மலையக வரலாறு எழுதிய எல்லோரும் சொல்லும் செய்தி. இந்த இடத்தில் நம்மவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் சம்பள நாள் பார்த்துச் சேலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கிய நானாமாரின் கதை நம்மில் எத்தனை வீட்டில் இருக்கிறது! அந்த மூட்டை ஒரு அனுமதிச் சீட்டு. ஐயர் அதைக் கடன் வாங்கினார்.

'தேசபக்தனுக்கு' முன்பே 'தேசநேசன்' என்ற பத்திரிகையில் 1921 முதல் எழுதினார். டாக்டர் ஈ.வி. இரத்தினம் அதன் பின்னால் இருந்தார். ஆங்கிலத்தில் 'சிட்டிசன்' என்று ஒன்றும் நடத்தினார். அந்த எழுத்துக்காகவே அவரை நாடு கடத்தலாமா என்று அரசாங்கம் யோசித்தது. பெயரைப் பற்றி இடையில் ஒன்று: 'தேசபக்தன்' அவர் புதிதாகக் கண்டுபிடித்த பெயர் இல்லை. சென்னையில் திரு.வி.க. 1917இல் தொடங்கிய நாளேட்டின் பெயரும் அதுதான். பக்தி என்ற கோயில் சொல்லைத் தேசத்துக்குக் கட்டியது அந்தக் காலத்து இந்திய வழக்கம். அந்த வகையில் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில்: பேப்பரின் வேர் இந்து வேர்தான். நடத்தியவர் பூணூல் குடும்பத்துக்காரர், சொற்கள் புராணத்தைத் தொட்டவை, வாசகர்களும் பெரும்பாலும் இந்துக்கள். ஆனால் அது சமயப் பேப்பர் இல்லை. சமயத்துக்கென்றே நடந்த பத்திரிகைகள் இலங்கையில் வேறே இருந்தன. யாழ்ப்பாணத்தில் 1889இல் தொடங்கிய 'இந்து சாதனம்' சைவத்துக்கு. அதற்கும் ஏழு வருடம் முந்தி, 1882இல், கண்டியில் நம் சித்திலெப்பை தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' நம் சமூகத்தின் கல்விக்கு. 'தேசபக்தன்' எழுதியது சம்பளம், கங்காணிக் கடன், வேலை நிறுத்தம், வாக்குரிமை. அதன் கோபம் துரை மேலும் கங்காணி மேலும். அந்தக் கங்காணிகளில் அநேகர் இந்துக்களே என்பதையும் மறக்கக்கூடாது.

அவர் அரசியலுக்கு வந்த விதத்தைச் சொன்னால் "நமக்கு என்ன சம்பந்தம்" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும். 1924இல் சட்டசபைக்கு இந்தியர் சார்பில் இரண்டு இடம். நடேசய்யர் கேட்டார், தோற்றார். வென்றவர்கள் ஐ.எக்ஸ். பெரேராவும் முகமது சுல்தான் என்ற இந்திய முஸ்லிமும். முகமது சுல்தான் காலமானார். அந்த இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில்தான் நடேசய்யர் உள்ளே போனார். அப்போது எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. வருமானம், சொத்து, எழுத்தறிவு பார்த்துத்தான் ஓட்டு. தோட்டத் தொழிலாளிக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை என்றே சொல்லலாம். ஓட்டு இருந்தவர்கள் பெரும்பாலும் கொழும்பு வியாபாரிகளும் உத்தியோகத்தர்களும்: செட்டிமார், இந்திய முஸ்லிம்கள், போராக்கள், மலையாளிகள். அப்படியென்றால் லயத்து மக்களுக்காகச் சட்டசபையில் எழுந்து நின்று கத்திய குரலை அங்கே அனுப்பியது லயத்து ஓட்டு இல்லை, கடைக்காரர்களின் ஓட்டு. ஒரு முஸ்லிம் இருந்த நாற்காலியில் ஒரு ஐயர் உட்கார்ந்து தோட்டத்துக் கூலிக்காகப் பேசினார். இது 'அவங்கட' வரலாறா, 'நம்மட' வரலாறா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சபையில் அவருடைய பெரிய சண்டை சம்பளச் சண்டை. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. இந்திய அரசாங்கத்தின் நெருக்குதல் இல்லாமல் அது வந்திருக்காது. அந்தச் சட்டத்தின் கீழ் நிர்ணயித்த நாள் சம்பளத்தைப் பாருங்கள். மேல்நாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். நடுநாட்டில் 52, 41, 31. கீழ்நாட்டில் 50, 40, 30. பிள்ளைக்கு என்று ஒரு வரிசை சட்டத்திலேயே இருந்ததைக் கவனியுங்கள். நான் வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான். நடேசய்யர் இது போதாது, ஒரு ரூபாயாவது வேண்டும் என்று நின்றார். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் அந்த 54ஐயும் குறைத்தார்கள்.

இனி கொழும்புப் பக்கம். ஏ.ஈ. குணசிங்கவின் தொழிலாளர் சங்கத்தில் நடேசய்யர் உப தலைவராக இருந்தார். சிங்களத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ் நின்ற சில வருடங்கள் அவை. துறைமுகம், ட்ராம் வண்டி என்று பெரிய வேலை நிறுத்தங்கள் நடந்தன. பிறகு மந்தம் வந்தது, வேலை குறைந்தது. 1929இல் குணசிங்க முதலாளிமாரின் சம்மேளனத்தோடு ஒப்பந்தம் செய்தார். அவருடைய பேச்சும் பத்திரிகையும் மெல்ல மெல்ல "இந்தியன்தான் உன் வேலையைப் பிடித்துக்கொண்டான்" என்ற பக்கம் சாய்ந்தன. மலையாளிகள் மேலும் இந்திய வியாபாரிகள் மேலும் வெறுப்பு ஏறியது. 1915ஐக் கண்ட நம் கரையோர முஸ்லிம்களுக்கு அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 'தேசபக்தன்' குணசிங்கவை எதிர்த்து எழுதியது. நண்பர்கள் பிரிந்தார்கள். என் அபிப்பிராயத்தில் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றின் மிகப் பெரிய நஷ்டம் அந்தப் பிரிவுதான். பின்னால் நடந்த பல காரியங்களுக்கு அதுவே தொடக்கம்.

பிரிந்த பிறகு நடேசய்யர் மலைக்கு வந்தார். 1931 ஜனவரியில் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் என்று தொடங்கினார். தோட்டத்துக்குள் கூட்டம் வைக்க விடமாட்டார்கள். ஆகவே டவுனில்தான் கூட்டம். அதில் பேசும் சாமானியத் தொழிலாளியைத் துரை மறுநாளே பற்றுச்சீட்டுக் கொடுத்து அனுப்பிவிடலாம். வேலை போனால் லயமும் போகும். இந்தப் பயத்தோடுதான் ஆட்கள் வந்தார்கள்.

அவருடைய மனைவி மீனாட்சியம்மையைச் சொல்லாமல் விட்டால் பதிவு அரைகுறை. எனக்குக் கேட்டால் அந்தப் பேப்பரின் தலைமையை ஐயர் என்று ஒருமையில் சொல்வதே தப்பு. அம்மையாரும் அதில் எழுதினார். பெண்களின் உரிமை, பெண்களுக்கு வாக்குரிமை என்று அந்தக் காலத்தில் எழுதினார். எழுத்தறிவு இல்லாத மக்களிடம் அச்சுத்தாளை மட்டும் நம்பினால் சரிவராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தோட்டத்து மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் பாட்டுக் கட்டி, கூட்டங்களில் தானே பாடினார். 1940 அளவில் அந்தப் பாட்டுகள் சிறு சிறு புத்தகங்களாகவும் வந்தன. 54 சதத்துக்கும் 43 சதத்துக்கும் இடையில் இருக்கிற 11 சதத்தைப் பற்றி, கொழுந்துக் கூடை தூக்குகிற பெண்ணோடு நேரே பேசக்கூடியவர் அவர்தான். பிள்ளைகளின் செயற்திட்டத்தில் அவருடைய படமும் வரவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

1936இல் நடேசய்யர் ஹட்டன் தொகுதியில் அரசாங்க சபைக்கு வென்றார். இதுதான் உச்சம். அதற்குப் பிறகு இறக்கம். 1939இல் நேரு வந்து போனதோடு இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது. 1940இல் முல்லோயாவில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருடம் நம் பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத்தில் சமசமாஜக் கட்சியின் சங்கம் நடத்திய வேலை நிறுத்தம் இலங்கையையே திரும்பிப் பார்க்க வைத்தது. காங்கிரஸும் சமசமாஜிகளும் இரண்டு பக்கமும் வளர, ஐயர் நடுவில் தனித்துப்போனார்.

இதில் அவருடைய குறையையும் சொல்ல வேண்டும். மனிதர் ஒன்றைத் தொடங்குவார், அதைப் பிடித்துக்கொண்டு போக இன்னொருவரை உருவாக்க மாட்டார். பேப்பர்களின் பெயரைப் பாருங்கள்: தேசநேசன், சிட்டிசன், தேசபக்தன், ஃபோர்வர்ட், தோட்டத் தொழிலாளி, வீரன், சுதந்திரப் போர். ஒன்று மூடும், ஒன்று திறக்கும். 'தேசபக்தன்' பத்து வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அவர் சபைக்குப் போனால் பேப்பர் தளரும், பேப்பரைப் பார்த்தால் சங்கம் தளரும். விளம்பரம் கொடுக்கக்கூடிய கம்பனிகள் எல்லாம் துரைமாருடையவை. வாங்கி வாசிக்க வேண்டியவன் நாளுக்கு அரை ரூபாய்க்காரன். இந்தக் கணக்கில் எந்தப் பேப்பரும் நிற்காது என்பது உண்மைதான். ஆனாலும் ஆளை நம்பிய பேப்பர் ஆளோடு போய்விடும்.

இதற்கு நேர் எதிரான கதை 'வீரகேசரி'. நம் வீட்டுக்கு வரும் அதே வீரகேசரி. 1930 ஆகஸ்ட் 6இல் ஆவணிப்பட்டி சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கியது. அதற்கும் இந்து வேர்தான், நகரத்தார் வேர். அங்கே பணமும் அச்சகமும் கணக்குவழக்கும் முதலில், ஆசிரியர் பிறகு. ஆகவே ஆசிரியர்கள் மாறினார்கள், பேப்பர் நின்றது. பாரதியை மகாகவி என்று வாதாடிய வ.ரா. முப்பதுகளில் இங்கே வந்து அதில் ஆசிரியராக இருந்திருக்கிறார். பிராமணராகப் பிறந்து பூணூலைக் கழற்றியவர் அவர். பிறகு நாவல் எழுதிய எச். நெல்லையா, பின்னால் யாழ்ப்பாணத்து 'ஈழநாடு'க்குப் போன கே.பி. ஹரன், கே.வி.எஸ். வாஸ் என்று வரிசை நீளும். இவர்களில் பலர் தமிழ்நாட்டுக்காரர்கள், எழுதியதும் அந்த ஊர் வாடையோடுதான். மலையகத்து எழுத்துக்கு அதில் சரியான இடம் கிடைக்க எஸ்.எம். கார்மேகம் வரவேண்டியிருந்தது. 'தோட்ட மஞ்சரி' பகுதி, மலையகச் சிறுகதைப் போட்டிகள், அந்தக் கதைகளைத் தொகுத்து 1971இல் வந்த 'கதைக்கனிகள்' எல்லாம் அவருடைய உழைப்பு. லயத்தைப் பற்றி வெளியார் எழுதிய காலம் போய், லயத்துப் பிள்ளைகளே எழுதி அச்சில் வர நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நடேசய்யரின் கடைசி வருடம் 1947. அந்த வருடம் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தொடங்கிய 'சுதந்திரன்' பத்திரிகைக்கு முதல் ஆசிரியர் அவர்தான். வடக்கு அரசியலின் பத்திரிகைக்கு முதல் ஆசிரியராக மலைநாட்டின் ஐயரைக் கூப்பிட்டார்கள் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? அதே வருடத் தேர்தலில் தோற்றார். இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடம் வென்றது. அதில் ஒன்று நம் பதுளை, எஸ்.எம். சுப்பையா. நவம்பரில் நடேசய்யர் காலமானார்.

அடுத்த வருடம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அதற்கடுத்த வருடம் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். 'பாகிஸ்தானிய' என்ற சொல் அதற்குள் ஏன் வந்தது என்று நம்மவர்கள் யோசித்துப் பார்த்ததுண்டா? நம் இந்திய வம்சாவளி முஸ்லிம் வியாபாரிகளும் மேமன்மாரும் அதே வலையில்தான் விழுந்தார்கள். 1946க்கு முன் விவாகமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததாகக் காகிதத்தால் நிரூபிக்க வேண்டும். லயத்தில் இருந்தவனிடம் ஏது காகிதம்? இருந்தது தோட்டத்து செக்ரோல், அதுவும் துரையின் ஒபீஸில். 1952 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஒரு ஆளும் பாராளுமன்றம் போகவில்லை. பதுளையில் 1947இல் ஓட்டுப் போட்ட கை 1952இல் பட்டியலில் இல்லை. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஆட்களைக் கூறுகட்டிப் பிரித்தார்கள். இருபதுகளில் இதையெல்லாம் எதிர்பார்த்து எழுதிய பேப்பர் ஒன்று இருந்தது என்று அப்போது சொல்லக்கூட ஆள் இல்லை.

நடேசய்யரைப் பற்றி இன்று நமக்கு இவ்வளவாவது தெரிகிறது என்றால் அது சாரல்நாடன் அவர்களால். 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூலை 1988இல் எழுதினார், பிறகு 'பத்திரிகையாளர் நடேசய்யர்' என்றும் ஒன்று. உயர்தரத்தில் வரலாறு எடுக்கும் பிள்ளைகள் இரண்டையும் தேடி வாசிக்க வேண்டும். 'நூலகம்' இணையத்தளத்தில் மலையகப் பகுதியில் தேடிப்பாருங்கள்.

இனி நான் கேட்க வந்த உதவி. உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டி, பழைய கடை அலுமாரி, கோயில் பெட்டகம், பள்ளிவாசல் காரியாலயம் எங்காவது பழைய பத்திரிகைத் தாள், பாட்டுப் புத்தகம், சங்கத்து ரசீது, துண்டு, பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, தோட்டத்துக் கணக்குக் கொப்பி, கடைக் கடன் புத்தகம் ஏதும் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போடவேண்டாம். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது அந்தக் குடும்பங்களின் காகிதங்களும் சேர்ந்துதான் போயின. தாளை மடிப்புப் பிரித்து, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, போனால் படம் எடுங்கள். ஓரத்தில் உள்ள திகதியும் விழவேண்டும். யாருடைய வீட்டிலிருந்து, எந்தத் தோட்டம் என்று இரண்டு வரி எழுதி எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். தாள் உங்களிடமே இருக்கட்டும். வரும் தவணை விடுமுறையில் உயர்தரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக அடுக்கப் போகிறோம். பசறை, ஹாலிஎல, தெமோதரை, வெலிமடைப் பக்கம் உள்ளவர்கள் சொன்னால் நேரிலேயே வந்து படம் எடுத்துக்கொள்கிறோம்.